கரையில் தோரியம், கடலில் எரிவாயு: குமரி மாவட்டத்தில் முதலில் எதை அளக்க வேண்டும்?

வள்ளியாற்றுக்கரை | வெள்ளி, மாலை 6:10

கிள்ளியூர் மணல் விஷயமும் கன்னியாகுமரிக் கடல் எரிவாயு விஷயமும் வாட்ஸ்அப் குழுக்களில் ஒன்றோடொன்று கலந்து ஓடுகின்றன. யார் எதை எதிர்க்கிறார்கள், எதைக் கேட்கிறார்கள் என்றே புரியவில்லை. நிதானமாக எழுத ஒரு இடம் வேண்டும் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன். நான் கடியப்பட்டணம் பக்கம் பிறந்தவள், பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன்.

தெரிந்தவரை நிலவரம் இது. கரையில்: கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு கிராமங்களில் 1,144 ஹெக்டேரில், தோரியம் உள்ள மோனசைட் என்ற கனிமமும் மற்ற கனிமங்களும் எடுக்க ஐ.ஆர்.இ.எல். (மணவாளக்குறிச்சி மணல் ஆலையை நடத்தும் ஒன்றிய அரசு நிறுவனம்) திட்டம் போட்டிருக்கிறது. 2024 அக்டோபர் 1 அன்று பத்மநாபபுரத்தில் வைத்திருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பு கிளம்பியதால் தள்ளிப்போனது. கடலில்: 2024 தொடக்கத்தில் ஏலத்துக்கு வந்த மூன்று ஆழ்கடல் வட்டாரங்கள், எண்ணெயும் எரிவாயுவும் தேடுவதற்காக. மூன்றும் சேர்த்து 27,154 சதுர கிலோமீட்டர். நம் மாவட்டத்தின் மொத்தப் பரப்பைப் போல ஏறக்குறைய பதினாறு மடங்கு.

இரண்டிலும் என்னை உறுத்துவது ஒன்றுதான். அடியில் எவ்வளவு இருக்கிறது என்று தேடும் ஆய்வுக்கு நூறு வருட வரலாறு இருக்கிறது. அதை எடுத்தால் கிணற்றுத் தண்ணீருக்கும் மீனுக்கும் மனிதருக்கும் என்ன ஆகும் என்ற ஆய்வு, எடுக்க முடிவு செய்த பிறகுதான் தொடங்குகிறது. அதையும் எடுக்கப் போகிறவரே செய்விக்கிறார். இந்த வரிசையை மாற்றக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. கோஷம் வேண்டாம். அவரவருக்கு நேரில் தெரிந்ததை எழுதுங்கள்.

---

பரணிக்கரை மாணவன் | வெள்ளி, இரவு 8:32

டீச்சர், நான் நிலவியல் படிக்கிறேன், ஊர் தேங்காய்ப்பட்டணம். இந்த மணல் இங்கே ஏன் வந்தது என்பதில் இருந்து தொடங்குகிறேன்.

வேளிமலை, பேச்சிப்பாறைப் பக்கத்துப் பாறைகள் சார்னோக்கைட், கோண்டலைட் வகை. 50 கோடி ஆண்டுகளுக்கு மேல் வயது. அவற்றுக்குள் மோனசைட் துகள்கள் தூவினது போல இருக்கின்றன. மழையும் வெயிலும் பாறையை உதிர்த்தால் வெள்ளை மணலான குவார்ட்ஸ் எல்லாவற்றோடும் சேர்ந்து இவையும் வள்ளியாறு, குழித்துறையாறு, பழையாறு வழியாகக் கடலுக்கு வருகின்றன. அப்புறம் வேலை செய்வது அலை. குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. கறுப்புக் கனிமமான இல்மனைட்டுக்கு 4.7, மோனசைட்டுக்கு 5 பக்கம். ஆனி, ஆடியில் அலை அடித்து இழுக்கும்போது வெள்ளை மணல் போய்விடும், கறுப்பு தங்கிவிடும். ஆடி முடிந்து முட்டம் பக்கமோ சின்னவிளையிலோ கரை அரித்த இடத்தில் பாருங்கள், வெட்டு முகத்தில் கறுப்பும் வெளுப்பும் மாறி மாறி வரி போட்டிருக்கும்.

அந்தக் கறுப்பில் ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பி, பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். கறுத்து மினுங்குவது இல்மனைட். ரோஜா நிறம் கார்னெட். நிறமில்லாமல் கண்ணாடி மாதிரி நீண்டது சிர்கான். கருஞ்சிவப்பு ரூட்டைல். தேன் நிறத்தில், மூலை மழுங்கி உருண்டையாக இருப்பதுதான் மோனசைட். நாம் அடித்துக்கொள்வது எல்லாம் அந்தத் தேன் நிறத் துகளுக்காக.

1909-ல் ஷாம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் இதைக் கண்டுபிடித்தார். அதன்பின் மணவாளக்குறிச்சியில் ஆலை வந்தது. அப்போது தோரியம் வேண்டியிருந்தது காஸ் விளக்கு மேன்டிலுக்கு, அதாவது சுடரில் ஒளிரும் வலைக்கு. அணுசக்தி என்ற பேச்சே அப்போது இல்லை.

இப்போதைய கணக்குப்படி நாடு முழுவதும் 1.3 கோடி டன்னுக்கு மேல் மோனசைட் இருக்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் 25 லட்சம் டன் அளவில். டீச்சர் சொன்னது சரி. இந்தக் கணக்கு டன் வரைக்கும் சுத்தமாக இருக்கிறது.

---

மண்டைக்காடு அண்ணாச்சி | வெள்ளி, இரவு 9:47

நான் மணல் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆலையைப் பற்றித் தெரியாமல் எழுதுகிறவர்கள் அதிகம் என்பதால் எழுதுகிறேன்.

உள்ளே ரசாயனம் போட்டுக் கரைக்கிற வேலை மணவாளக்குறிச்சியில் கிடையாது. கடற்கரையில் வாரிய மணலைத் தண்ணீரோடு சுருள் தொட்டியில் விட்டால் கனமானது உள்பக்கமும் லேசானது வெளிப்பக்கமும் பிரியும். பிறகு காயவைத்து, உயர் மின்னழுத்த உருளையில் விடுவோம். மின்சாரம் கடத்தும் இல்மனைட்டும் ரூட்டைலும் ஒரு பக்கம், கடத்தாத சிர்கான், கார்னெட், மோனசைட் இன்னொரு பக்கம். அதற்குப் பிறகு காந்தம். மோனசைட்டுக்குக் காந்த இழுப்பு லேசாக உண்டு, சிர்கானுக்குக் கிடையாது. இப்படித்தான் பிரிக்கிறது. மோனசைட்டிலிருந்து தோரியத்தைப் பிரிக்கும் ரசாயன வேலையெல்லாம் வெளியூரில், ஆலுவாவிலும் ஒடிசாவிலும் நடக்கிற ஏற்பாடு.

இன்னொன்று. மோனசைட் எடுத்துவிட்ட மணலைத் திரும்பக் குழியில் கொட்டினால் அந்த இடத்தில் கதிர்வீச்சு முன்னைவிடக் குறையும். இது அளந்து பார்த்தால் தெரியும் உண்மை. எங்களுக்கு மார்பில் கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ் உண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்ப்பார்கள். இந்த ஆலையால் சோறு தின்ற குடும்பங்கள் எத்தனையோ. அதையும் கணக்கில் வையுங்கள்.

---

கொல்லங்கோடு ரப்பர் | வெள்ளி, இரவு 10:20

அண்ணாச்சி சொல்கிற ஆலை இருக்கிற இடம் வேறு, எங்கள் இடம் வேறு. ஏழுதேசத்தில் வீடு இருக்கிறது, கிணறு இருக்கிறது, தென்னை நிற்கிறது, பள்ளிக்கூடமும் கோயிலும் குருசடியும் இருக்கிறது. 1,144 ஹெக்டேர் என்றால் 2,800 ஏக்கருக்கு மேல். ஆள் நடமாட்டம் இல்லாத திடல் என்று வரைபடத்தில் நினைத்திருப்பார்கள் போல.

மணலைத் தோண்டி மறுபடி கொட்டுவோம் என்கிறார்கள். சரி. எங்கள் கிணற்றில் நல்ல தண்ணீர் நிற்பதே அந்த மணல்மேட்டால்தான். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. மேட்டைத் தாழ்த்தினால் உப்பு ஏறும். ஏறின உப்பு எத்தனை வருடத்தில் இறங்கும் என்று யாராவது எழுதித் தருவார்களா?

2004-ல் குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். மணல்மேடு எங்கே நின்றது, எங்கே நிற்கவில்லை என்று அன்றைக்குக் கரையில் இருந்தவர்களிடம் கேளுங்கள்.

---

பரணிக்கரை மாணவன் | வெள்ளி, இரவு 10:58

அண்ணாச்சி சொன்னதில் ஒரு சேர்க்கை. திரும்பக் கொட்டுவது, எடுத்ததில் கனிமம் போக மிச்சம்தான். கனிமம் எத்தனை சதவீதமோ அத்தனை மண் அந்த இடத்துக்கு வராது, தரை அந்த அளவு தாழும். அதோடு கொட்டுவது லேசான மணல். கரையில் இருந்த கறுப்பு மணல் கனம் என்பதால்தான் அலைக்கு எளிதில் அசையவில்லை. அதை நீக்கிவிட்டால் மிச்சம் சீக்கிரம் போகும். ஆகையால் "நிரப்பினோம்" என்றால் மட்டும் போதாது. தோண்டும் முன் கரை எங்கே நின்றது, நிரப்பி ஐந்து வருடம் கழித்து எங்கே நிற்கிறது என்ற அளவு வேண்டும்.

---

வள்ளியாற்றுக்கரை | சனி, காலை 7:15

அண்ணாச்சி, நீங்கள் எழுதியதற்கு நன்றி. உங்களைப் போல் உள்ளிருந்து பார்த்தவர்கள் பேசினால்தான் இது நியாயமான பேச்சாகும்.

இப்போது "எரிசக்தி" என்ற சொல்லுக்கு வருகிறேன். தோரியம் நாட்டுக்கு மின்சாரம் தரும், ஆகவே தியாகம் செய்யுங்கள் என்று சொல்லும்போது அதன் நடப்பு நிலை என்ன என்பதும் மக்களுக்குத் தெரிய வேண்டும்.

தோரியம்-232 தானாகப் பிளக்காது. அதற்குள் ஒரு நியூட்ரானைச் செலுத்த வேண்டும். அது தோரியம்-233 ஆகும், 22 நிமிட அரை ஆயுளில் (பாதி சிதைய ஆகும் நேரம்) புரோட்டாக்டினியம்-233 ஆகும், அது 27 நாள் அரை ஆயுளில் யுரேனியம்-233 ஆகும். இந்த யுரேனியம்-233 தான் எரிபொருள். அந்த முதல் நியூட்ரானைக் கொடுக்க வேறு எரிபொருள் எரியும் உலை வேண்டும். அதனால்தான் ஹோமி பாபா மூன்று கட்டமாகத் திட்டம் வகுத்தார்: முதலில் இயற்கை யுரேனியம் போடும் கனநீர் உலைகள், அவற்றின் கழிவிலிருந்து வரும் புளூட்டோனியத்தை வைத்து இரண்டாவது கட்டத்தில் வேக ஈனுலைகள் (எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் உலைகள்), மூன்றாவது கட்டத்தில்தான் தோரியம். கல்பாக்கத்தில் 1996-ல் இயங்கத் தொடங்கிய காமினி என்ற ஆய்வு உலை யுரேனியம்-233-இல் ஓடுகிறது. அதன் திறன் 30 கிலோவாட் வெப்பம். நம் வீட்டுக்குத் தோரியத்தால் மின்சாரம் வர இன்னும் நீண்ட தூரம் இருக்கிறது. பக்கத்துக் கூடங்குளத்தில் எரிவது ரஷ்யாவிலிருந்து வரும் செறிவூட்டிய யுரேனியம். நம் மணலுக்கும் அந்த எரிபொருளுக்கும் தொடர்பு கிடையாது.

அப்படியானால் இன்றைக்கு இந்த மணலுக்கு யார் வாடிக்கையாளர்? இல்மனைட், ரூட்டைல்: டைட்டானியம், பெரும்பகுதி வெள்ளைப் பெயின்டுக்குப் போகும் நிறமி. சிர்கான்: டைல்ஸ், பீங்கான், அதோடு அணு எரிபொருள் குழாய்க்கு வேண்டிய சிர்கோனியம், தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் அதற்கு ஆலையே இருக்கிறது. மோனசைட்: பாதிக்கு மேல் அருமண் (rare earth) என்னும் உலோகங்களின் ஆக்சைடுகள், தோரியம் ஆக்சைடு 8 முதல் 10 சதவீதம். அருமண்ணில் உள்ள நியோடிமியம் மின்வாகனத்துக்கும் காற்றாலைக்கும் வேண்டிய காந்தத்துக்குப் போகிறது. 2025 ஏப்ரலில் சீனா சில அருமண்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திய பிறகு இந்த அவசரம் கூடியிருக்கிறது.

இவை எல்லாம் தேவையான பொருள்களே. நான் மறுக்கவில்லை. ஆனால் தோரியம் இன்றைக்குச் சேமிப்புக் கிடங்குக்குப் போகிறது. அதன் அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டு, மணலில் கிடந்தாலும் கெட்டுப்போகாது. ஆகவே அளந்து பார்க்கச் சில வருடம் எடுத்துக்கொள்வதால் நாட்டின் தோரியம் குறையாது.

---

ஒழுகினசேரி செவிலி | சனி, காலை 9:40

வலி நிவாரணச் சிகிச்சையில் வேலை பார்க்கிறேன், வீடு வீடாகப் போகும் பிரிவு. கடற்கரை ஊர்களுக்கு அதிகம் போகிறேன். ஒரே தெருவில் இரண்டு மூன்று வீட்டில் புற்றுநோய் என்றால் அந்த வீட்டார் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "இது மண்ணால வந்ததா சிஸ்டர்?" என்பதுதான். நான் என்ன சொல்ல முடியும்? புகையிலை, வெற்றிலை, மது, தாமதமாக வந்த பரிசோதனை, இவையும் அந்தத் தெருவிலேயே இருக்கின்றன. ஆம் என்று சொல்லவும் ஆதாரம் இல்லை, இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை.

அவர்களுக்கு ஒரு நேர்மையான பதில் கிடைக்க வேண்டும். அதற்கு மேல் எனக்கு எந்தக் கட்சியும் இல்லை.

---

வள்ளியாற்றுக்கரை | சனி, காலை 11:05

சிஸ்டர், நீங்கள் எழுதியது தான் இந்த இழையின் மையம் என்று நினைக்கிறேன். இதற்குப் பக்கத்து மாநிலத்தில் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது.

கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியில், அதே கறுப்பு மணல் கரையில், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1990-களில் வேலையைத் தொடங்கியது. வீடு வீடாகப் போய் வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் காமா கதிர்வீச்சு அளவு எடுத்தார்கள். ஒவ்வொருவருடைய புகைப் பழக்கம், உணவு, தொழில் எல்லாம் எழுதினார்கள். அந்த வட்டாரத்துக்கென்றே புற்றுநோய்ப் பதிவேடு வைத்தார்கள். 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை வருடம் பின்தொடர்ந்தார்கள். 2005 முடிய 1,379 பேருக்குப் புற்றுநோய். 2009-ல் வெளியான முடிவு: கதிர்வீச்சு அதிகம் பெற்றவர்களுக்குப் புற்றுநோய் அதிகம் என்று காட்ட முடியவில்லை.

இதை இரண்டு பக்கமும் தவறாகப் பயன்படுத்துவதைப் பார்த்திருக்கிறேன். "பார்த்தீர்களா, ஆபத்தே இல்லை" என்று ஒரு பக்கம். "அது அரசு ஆய்வு, நம்பாதே" என்று இன்னொரு பக்கம். அந்த ஆய்வு சொல்வது இவ்வளவுதான்: மண் தன் இடத்தில் கிடக்கும்போது அதன்மேல் வாழ்பவருக்கு வெளியிலிருந்து வரும் காமாவால் கூடுதல் புற்றுநோய் அந்த மக்களிடம் தென்படவில்லை. மண்ணைக் கிளறி, காயவைத்து, லாரியில் ஏற்றும்போது பறக்கும் தூசி மூச்சில் போனால் என்ன என்பதை அது சொல்லவில்லை. தோரியம் வெளியே இருந்தால் அதன் ஆல்பா துகள் தோலைத் தாண்டாது. நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்தால் கதை வேறு. தோரியத் தொடரில் தோரான் என்ற வாயு ஒன்றும் உண்டு, அரை ஆயுள் 55 நொடி, காற்றோட்டமில்லாத அறையில் அது சிதைந்து உண்டாகும் பொருள்கள் தூசியில் ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் செய்முறை என்ற அளவில் கருநாகப்பள்ளி ஆய்வு நமக்கு ஒரு வழிகாட்டி. முதலில் அளந்தார்கள், பிறகு பின்தொடர்ந்தார்கள், முடிவை வெளியிட்டார்கள். கிள்ளியூரில் ஒரு கூடை மணல் அள்ளும் முன்னே அதே செய்முறை இங்கே நடக்கட்டும். தோண்டிய பிறகு அளந்தால், முன்பு எவ்வளவு இருந்தது என்று எதை வைத்து ஒப்பிடுவது?

ஒரு சின்னக் கணக்கும் சொல்லிவிடுகிறேன், கதிர்வீச்சு மீட்டர் கையில் கிடைப்பவர்களுக்கு. உடலில் சேரும் கதிர்வீச்சை அளக்கும் அலகு சீவர்ட். மணிக்கு 1 மைக்ரோசீவர்ட் என்று காட்டும் இடத்தில் வருடம் முழுக்க இருந்தால் 8.76 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து ஒருவர் வருடத்துக்குப் பெறும் உலகச் சராசரி 2.4 மில்லிசீவர்ட். அணு ஆலைகளால் பொதுமக்களுக்குக் கூடுதலாகச் சேர அனுமதிக்கப்படுவது வருடத்துக்கு 1 மில்லிசீவர்ட். மீட்டரில் வரும் எண்ணைத் தனியாகப் படம் எடுத்துப் பரப்பாதீர்கள்; எந்த இடம், தரையிலிருந்து எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

---

தூத்தூர் ஆழ்கடல் | சனி, மாலை 5:25

எல்லாரும் மண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள். கடல் எங்களுக்கு மண்தான்.

நாங்கள் தூண்டில்காரர்கள். சுறா, சூரை, கேரை தேடி லட்சத்தீவு தாண்டியும் போவோம். கரைக்கடலில் வள்ளம் வைத்திருப்பவர்களுக்கும் கன்னியாகுமரிக்குத் தெற்கே இருக்கிற வாட்ஜ் பேங்க் தான் சோறு. ஆழம் அதிகமில்லாத மேடு, அடியில் பார், அதாவது பாறைத்திட்டு. தென்மேற்குக் காற்று காலத்தில் அடித்தண்ணீர் மேலே ஏறும், மீன் சேரும். நண்டு, கணவாய், கலவா, பாரை எல்லாம் அங்கே பெருகித்தான் இரண்டு பக்கமும் பிரிந்து வருகிறது. மீன் பெருகட்டும் என்றுதான் எங்களுக்குத் தடைக்காலம் போடுகிறார்கள். கிழக்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14, மேற்கே ஜூன், ஜூலை. நம் மாவட்டத்தில் இரண்டும் உண்டு. நாங்கள் அதை மதித்து விசைப்படகைக் கட்டிப்போடுகிறோம். எண்ணெய் தேடும் கப்பலுக்குத் தடைக்காலம் உண்டா?

கொக்கிகள் கோத்த நீளத் தூண்டில் கயிறு விட்டிருக்கும்போது சரக்குக் கப்பல் ஒன்று அறுத்துக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். இரவு, விளக்கு காட்டினோம், ரேடியோவில் கூப்பிட்டோம், நிற்கவில்லை. கொக்கியும் கயிறும் பல கிலோமீட்டர் போயிற்று. யாரிடம் போய்க் கேட்பது? அந்தக் கப்பலாவது தன் வழியில் போய்விட்டது. தேடும் கப்பல் அதே இடத்தில் வரி வரியாக மாதக்கணக்கில் சுற்றும் என்கிறார்கள்.

ஒக்கிப் புயலில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர் எங்கே தொழில் செய்துகொண்டிருந்தார்கள் என்ற கணக்கே 2017-ல் உடனே யாரிடமும் இல்லை. நாங்கள் எங்கே தொழில் செய்கிறோம் என்று வரைபடமே வைத்திராதவர்கள், எங்கள் கடலை வட்டாரம் போட்டு ஏலம் விடுகிறார்கள்.

---

பரணிக்கரை மாணவன் | சனி, இரவு 8:03

அண்ணே, அந்தக் கப்பல் வேலையை விளக்குகிறேன். நில அதிர்வு ஆய்வு என்பார்கள். கப்பலின் பின்னால் ஏர்கன் என்ற காற்றுத் துப்பாக்கி கட்டியிருக்கும். அழுத்தக் காற்றைச் சில நொடிக்கு ஒரு முறை தண்ணீருக்குள் வெடிக்க விடும். ஒலி கடலடிக்குக் கீழே பல கிலோமீட்டர் போய்ப் பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும். அதைக் கேட்கப் பல கிலோமீட்டர் நீளக் கேபிள்களைக் கப்பல் இழுத்துப் போகும். குறுக்கே வலையோ தூண்டிலோ இருக்கக் கூடாது. சுற்றிலும் காவல் படகுகள் ஓடும். ஆகவே உங்கள் பயம் நியாயம்தான்.

மீனுக்கு என்ன ஆகும்? இதில் உறுதியான ஆய்வுகள் உண்டு. நார்வேக்கு வடக்கே பேரன்ட்ஸ் கடலில் நடந்த ஆய்வு 1996-ல் வெளியானது: ஏர்கன் சுடத் தொடங்கியதும் காட், ஹேடக் மீன்பாடு சராசரியாகப் பாதியாகக் குறைந்தது, நிறுத்தி ஐந்து நாள் ஆகியும் பழைய நிலைக்கு வரவில்லை. 2017-ல் டாஸ்மேனியாவில் ஒரே ஒரு ஏர்கனை வைத்துப் பார்த்ததில் 1.2 கிலோமீட்டர் தூரம் வரை மிதவை உயிரிகள் செத்திருந்தன. மிதவை உயிரிதான் சாளைக்கும் நெத்திலிக்கும் தீவனம். இவை வேறு கடல், வேறு மீன். நம் கடலில் எவ்வளவு என்று சொல்ல நம் கடலில்தான் பார்க்க வேண்டும்.

ஒரு பழைய ஆவணத்தையும் சொல்ல வேண்டும். 1976-ல் இந்தியாவும் இலங்கையும் கடல் எல்லை பிரித்தபோது வாட்ஜ் பேங்க் இந்தியாவுக்கு வந்தது. உரிமம் பெற்ற ஆறு இலங்கைப் படகுகள் மூன்று வருடம் மட்டும், வருடத்துக்கு 2,000 டன்னுக்கு மிகாமல் மீன் பிடிக்கலாம் என்று சலுகை கொடுத்தார்கள். அதே கடிதத்தில் இன்னொரு வரியும் உண்டு: இடையில் அங்கே பெட்ரோலியம் தேட இந்தியா முடிவு செய்தால் அந்தப் பகுதியில் அந்தப் படகுகள் மீன்பிடிப்பை நிறுத்த வேண்டும். அதாவது எண்ணெய்த் தேடலும் மீன்பிடிப்பும் ஒரே இடத்தில் சேர்ந்து நடக்காது என்று அரசுகளே ஐம்பது வருடத்துக்கு முன் எழுதி வைத்திருக்கின்றன. இன்றைக்கு நம்மிடம் மட்டும் "ஒன்றும் ஆகாது" என்று சொல்வதை எப்படி ஏற்பது?

கசிவைப் பற்றி: 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் ஆழ்கடல் கிணறு ஒன்று வெடித்து 11 பேர் இறந்தார்கள். அடைக்க 87 நாள் ஆனது. அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? 2025 மே மாதம் கொச்சிக்கு வெளியே எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் எங்கே வந்து ஒதுங்கின? நம் கரையில். தென்மேற்குப் பருவத்தில் நீரோட்டம் தெற்கே இழுத்துக்கொண்டு வரும் என்பதற்கு இதைவிட நேரடிச் சாட்சி வேண்டாம். பக்கத்தில்தான் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, 21 தீவுகள், பவளப் பாறைகள்.

---

சுங்கான்கடை | சனி, இரவு 9:11

எல்லாம் சரி. கரண்ட் வேண்டாமா? காஸ் சிலிண்டர் வேண்டாமா? வெளிநாட்டிலிருந்து வாங்கினால் மட்டும் அங்கே இருக்கிற மீனவனுக்குப் பாதிப்பு இல்லையா? நாம் எதிர்க்கிறோம், வேறு எங்கோ தோண்டுகிறார்கள், நாம் எரிக்கிறோம். இதற்கும் யாராவது பதில் சொல்லுங்கள். சண்டைக்கு எழுதவில்லை.

---

வள்ளியாற்றுக்கரை | சனி, இரவு 10:02

நல்ல கேள்வி, ஒதுக்கிவிட்டுப் போகக் கூடாது.

எரிவாயு எரியும்போது நிலக்கரியைவிட ஏறக்குறைய பாதி கரியமிலவாயுதான் வரும். அது உண்மை. ஆனால் எரியாமல் கசியும் மீத்தேன், நூறு வருடக் கணக்கில் கரியமிலவாயுவைப் போல் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். கசிவு எவ்வளவு என்பதைப் பொறுத்து அந்த லாபம் நிற்கும், அல்லது போய்விடும். நம் மாவட்டம் மின்சாரத்துக்கு ஒன்றும் கொடுக்காத மாவட்டமும் இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை நம்பி முப்பந்தலில் நிற்கும் காற்றாலைகள் நாட்டின் பெரிய தொகுப்புகளில் ஒன்று. கோதையாற்றில் நீர்மின்சாரம் எடுக்கிறோம்.

அண்ணா, நான் "எடுக்கவே கூடாது" என்று இந்த இழையைத் தொடங்கவில்லை. வாட்ஜ் பேங்கைப் பொறுத்தவரை எடுக்கக் கூடாது என்பதே என் முடிவு, காரணம் அங்கே இழப்பதைத் திரும்ப உண்டாக்க முடியாது. மணலைப் பொறுத்தவரை, அளக்காமல் தொடக் கூடாது என்கிறேன்.

---

கொல்லங்கோடு ரப்பர் | ஞாயிறு, காலை 6:50

அளக்கக் கேட்கும் வாசலையே அடைக்கிறார்கள் டீச்சர். 2025 செப்டம்பரில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை போட்டது: அணுக் கனிமம், முக்கியக் கனிமம் எடுக்கும் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை. தமிழக முதல்வர் அதைத் திரும்பப் பெறச் சொல்லிப் பிரதமருக்கு எழுதினார். கடலுக்கு இதற்கு முன்பே முடித்துவிட்டார்கள், 2020 ஜனவரியில். எண்ணெய், எரிவாயு தேடும் கட்டத்துக்குக் கருத்துக்கேட்பு இல்லை என்று பிரிவை மாற்றினார்கள். அதே வருடம் காவிரிப் படுகைக்குப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. நல்ல சட்டம். அதில் குமரி மாவட்டம் இல்லை, கடலும் இல்லை.

பத்மநாபபுரத்தில் கூட்டம் என்று நோட்டீஸ் வந்ததால்தான் எங்கள் ஊரில் இப்படி ஒன்று வருகிறது என்றே பலருக்குத் தெரிந்தது. இனி அந்த நோட்டீஸும் வராது.

---

மண்டைக்காடு அண்ணாச்சி | ஞாயிறு, காலை 8:30

கருத்துக்கேட்பை நிறுத்தியது எனக்கும் சம்மதமில்லை. ஆலை சுத்தமாக நடக்கிறது என்றால் மக்கள் முன்னால் சொல்ல என்ன பயம்? நான் வேலை பார்த்த காலத்திலேயே ஊர்க்காரர்கள் மீட்டர் கணக்கைக் கேட்டால் மேலே கேளுங்கள் என்று அனுப்பிவிடுவோம். அது சரியான பழக்கம் இல்லை. அந்தக் கணக்கு வெளியே வந்திருந்தால் பாதி வதந்தி கிளம்பியே இருக்காது.

என் பேட்ஜ் அளவுகள் என்னிடம் பழைய தாளில் இருக்கின்றன. தொழிலாளிக்கு அவரவர் அளவைக் கேட்டுப் பெறும் உரிமை உண்டு. ஓய்வு பெற்ற மற்றவர்களிடமும் கேட்கிறேன். சிஸ்டரிடம் கொடுத்தால் மருத்துவர்கள் பார்க்கட்டும்.

---

ஒழுகினசேரி செவிலி | ஞாயிறு, காலை 9:05

கண்டிப்பாக வாங்கிக்கொள்கிறேன் அண்ணாச்சி. பெயரை மறைத்துத்தான் யாரிடமும் காட்டுவேன். அதோடு வாரும் வேலைக்குப் போன பெண்களையும் மறக்க வேண்டாம். கடற்கரையில் கூடையில் வாரிக் கொடுத்தவர்கள் பலர் சம்பளப் பதிவிலேயே இல்லாதவர்கள். அவர்களுக்குப் பேட்ஜ் கிடையாது. இப்போது வயதாகிவிட்டது, மூச்சு வாங்குகிறது என்று வருகிறார்கள். மணல் தூசியாலும் நுரையீரல் கெடும், கதிர்வீச்சு வேண்டும் என்பதில்லை. அவர்களிடம் யாரும் இதுவரை உட்கார்ந்து கேட்டதில்லை என்று அவர்களே சொல்கிறார்கள்.

---

தூத்தூர் ஆழ்கடல் | ஞாயிறு, மதியம் 2:40

கடலுக்கு நாங்களே ஒன்று செய்யலாம் என்று படகுக்காரர்களிடம் பேசினேன். எல்லார் படகிலும் ஜி.பி.எஸ். இருக்கிறது. எந்த மாதம், எந்த இடம், எவ்வளவு ஆழம், என்ன மீன், எத்தனை கிலோ. இதை எழுதிச் சேர்த்தால் வாட்ஜ் பேங்கில் எங்கே யார் தொழில் செய்கிறார்கள் என்ற வரைபடம் வந்துவிடும். சிலர் தயங்குகிறார்கள், நல்ல பார் இருக்கும் இடத்தை வெளியே சொன்னால் மற்றவன் வந்துவிடுவான் என்று. அது நியாயமான பயம். இடத்தைச் சரியாகச் சொல்லாமல் பத்து கிலோமீட்டர் கட்டமாகப் போட முடியுமா தம்பி?

---

பரணிக்கரை மாணவன் | ஞாயிறு, மாலை 4:15

முடியும் அண்ணே. கட்டம் போட்ட வரைபடத்தை நான் தயார் செய்கிறேன். நீங்கள் கட்ட எண்ணும் மீனும் எடையும் மட்டும் எழுதினால் போதும். தடைக்காலம் முடிந்து முதல் தங்கலிலிருந்து, அதாவது பல நாள் தங்கி மீன்பிடிக்கும் முதல் பயணத்திலிருந்து தொடங்கினால் ஒரு வருடத்தில் அடிப்படை அளவு வந்துவிடும். அந்த மாதிரியே கிள்ளியூர் பக்கக் கிணறுகளுக்கும். உப்பை அளக்கும் பேனா போன்ற கருவி எங்கள் துறையில் இருக்கிறது, விலையும் அதிகமில்லை. மாதம் ஒரு முறை, அதே கிணறு, அதே ஆழம். கோடையிலும் மழையிலும்.

---

வள்ளியாற்றுக்கரை | ஞாயிறு, இரவு 8:50

சரி, அரசிடம் கேட்க வேண்டியதைத் தகவல் உரிமை மனுவாக எழுதத் தொடங்கியிருக்கிறேன். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திடம்: மணவாளக்குறிச்சி ஆலையின் வேலிக்கு வெளியே, ஊர்களுக்குள், எந்தெந்த இடத்தில் எந்த ஆண்டு அளந்த காமா, தோரான், குடிநீர் அளவுகள் இருக்கின்றன, நகல் தருக. ஐ.ஆர்.இ.எல். நிறுவனத்திடம்: கிள்ளியூர் திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை முழுவதும் தமிழில் தருக, அதில் நிலத்தடி நீர் அளவுகள் எந்தப் பருவத்தில் எடுத்தவை என்று குறிப்பிடுக. எண்ணெய், எரிவாயுத் தேடலைக் கவனிக்கும் ஹைட்ரோகார்பன் தலைமை இயக்குநரகத்திடம்: மூன்று கடல் வட்டாரங்களின் எல்லைப் புள்ளிகள், நில அதிர்வு ஆய்வு எந்த மாதங்களில் திட்டமிடப்பட்டிருக்கிறது, மீனவர்களுக்கு எப்படி அறிவிப்பார்கள். மாநில அரசிடம் தனியாக ஒரு கோரிக்கை: கருநாகப்பள்ளியில் செய்த மாதிரியான வீட்டுவாரி ஆய்வு, ஆலைக்குச் சம்பந்தமில்லாத மருத்துவக் கல்லூரியின் பொறுப்பில்.

கேள்விகளில் விட்டுப்போனதைப் புதன்கிழமைக்குள் இங்கேயே எழுதுங்கள். கொல்லங்கோட்டு அண்ணா, அளப்பதற்கு முதல் பத்துக் கிணறுகளைத் தேர்ந்து தம்பிக்குச் சொல்லுங்கள், கடலுக்குப் பக்கத்தில் ஐந்து, உள்ளே தள்ளி ஐந்து.

---

கொல்லங்கோடு ரப்பர் | ஞாயிறு, இரவு 9:22

எங்கள் வீட்டுக் கிணற்றையும் சேர்த்து ஏழு கிணற்றுக்காரர்கள் சம்மதம் சொல்லிவிட்டார்கள். மிச்சம் மூன்றுக்கு நாளைக்கு இனயம்புத்தன்துறைப் பக்கம் போய்க் கேட்கிறேன். தம்பி, அந்தக் கருவியோடு எப்போது வருகிறாய்?

---

பரணிக்கரை மாணவன் | ஞாயிறு, இரவு 9:30

அடுத்த ஞாயிறு காலையில் வருகிறேன் அண்ணே. அன்றைக்கு விடியற்காலையிலேயே யாரும் மோட்டார் போடாமல் இருந்தால் நல்லது, நின்ற தண்ணீரில்தான் முதல் அளவு எடுக்க வேண்டும்.